2021 நவம்பர் 1 ஸ்கூல் திறப்பு: கதவு திறந்தா போதுமா, ஜன்னல்?

வேலந்தாவளத்தான்
கொரோனாவுக்காக 2020 மார்ச்ல மூடின ஸ்கூல், கேரளத்துல ஒண்ணு முதல் ஏழு வரைக்கும், பத்து, பன்னிரண்டும் 2021 நவம்பர் 1 திறக்குது. அதே நாள் தமிழ்நாட்டுல ஒண்ணு முதல் எட்டு. பாலக்காடு எல்லையில கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் வீடு ஒரு மாநிலம், தமிழ் மீடியம் ஸ்கூல் இன்னொரு மாநிலம்னு இருக்கிற பிள்ளைகள் ரெண்டு உத்தரவுக்கும் நடுவுல நிக்குது. என் கட்சி இதுதான்: துலாமழை (வடகிழக்குப் பருவமழை) ஓயும்வரை எல்.பி. (ஒண்ணு முதல் நாலு) வகுப்பைத் திறக்க வேண்டாம். 2021 அக்டோபர்ல கேரள அரசே வெளியிட்ட கணக்குல, ரத்தத்துல கொரோனா எதிர்ப்பு ஆன்டிபாடி இருக்கிறவங்க பெரியவங்கள்ல 82.6 சதவீதம், 5 முதல் 17 வயசுப் பிள்ளைகள்ல 40.2 சதவீதம்தான். அதாவது பத்துக்கு ஆறு பிள்ளைகிட்ட ஆன்டிபாடி இல்லை, 2021 அக்டோபர் வரைக்கும் அவங்க வயசுக்கு ஊசியும் வரலை. பி.டி.ஏ. கூட்டத்துல பேசறதெல்லாம் சானிடைசர், நெத்தியில காட்டற காய்ச்சல் துப்பாக்கி, ப்ளீச்சிங் பவுடர். இதை நம்பி அனுப்பணுமா?

கணக்கு டீச்சர்
அந்தக் கணக்கைத் திருப்பியும் படிக்கலாங்க. வீட்டுல இருக்கிற பெரியவங்க பத்துக்கு எட்டுப் பேருக்கு எதிர்ப்பு வந்தாச்சு. பிள்ளை நோயை வீட்டுக்குக் கொண்டு போனாலும் போன வருஷ ஆபத்து இல்லை. ஜூலையிலேயே ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொன்னது, திறக்கறதா இருந்தா தொடக்கப் பள்ளியை முதல்ல திறக்கலாம்னு. நீங்க அதைத் தலைகீழா கேக்கறீங்க.

சானிடைசர் விஷயத்துல உங்க கூடத்தான் இருக்கேன். இது காத்துல பரவுற நோய், அதனால காத்தைக் கணக்குப் போடணும். 20 அடிக்கு 20 அடி அறை, உயரம் 10 அடின்னா 4000 கன அடி, சுமார் 113 கன மீட்டர். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காத்து வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 20 பிள்ளையும் ஒரு டீச்சரும்னா நொடிக்கு 210 லிட்டர், மணிக்கு 756 கன மீட்டர். அறைக் காத்து மணிக்கு கிட்டத்தட்ட ஏழு தடவை மாறணும். எதிரெதிர்ச் சுவர்ல ஜன்னல் திறந்திருந்து கொஞ்சம் காத்தோட்டமும் இருந்தா இது ஆகும். 40 பேரை உட்கார வச்சா பதிமூணு தடவை, அதுக்கு ஜன்னலை மட்டும் நம்ப முடியாது. பேட்ச் பிரிக்கிறதுக்கு உண்மையான காரணம் இதுதான், பெஞ்சுக்கு நடுவுல அளக்கிற அடிக்கணக்கு இல்லை.

வேலந்தாவளத்தான்
சாரல் அடிச்சா ஜன்னலை யார் திறந்து வைப்பாங்க டீச்சர்? முதல் இடிக்கே சாத்திடுவாங்க.

கணக்கு டீச்சர்
சாத்தினா என்ன ஆகும்னும் பாருங்க. யு.பி. (அஞ்சு முதல் ஏழு வகுப்பு) வயசுப் பிள்ளை மணிக்கு சுமார் 13 லிட்டர் கார்பன்டை ஆக்சைடு விடும். 20 பிள்ளையும் டீச்சரும் சேர்ந்து 280 லிட்டர் பக்கம். வெளியில 420 பி.பி.எம். (காத்துல பத்து லட்சத்துல இத்தனை பங்கு) இருக்கிறது, முழுசா அடைச்ச அறையில அரை மணிக்குள்ள 1500 தாண்டிடும். 800-க்கு கீழ இருந்தா நல்லது. அதனால சாத்தக் கூடாதுங்கறதுதான் விதி. ஜன்னலுக்கு மேல தகர மறைப்போ, படுதாவைச் சாய்ச்சு இழுத்துக் கட்டினதோ போதும், சாரல் உள்ளே வராது, காத்து வரும்.

தேயிலைக்காடு
மூணாறுல சாரலை விடப் பெரிய பிரச்சினை குளிர்தான். எஸ்டேட் ஸ்கூல்ல காலையில ஜன்னல் திறந்தா பிள்ளைக நடுங்கும். ஆனா குளிர்ல ஒரு வசதி உண்டு. உள்ளே சூடு, வெளியே குளிர்னா காத்து தானா ஓடும், ரெண்டு விரல் அகலத் திறப்பே நல்லா வேலை செய்யும். அதனால முழுசா திறக்காம, மேல் ஜன்னலை மட்டும் நாள் பூரா திறந்து வைங்க. பீரியட் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் எல்லாத்தையும் திறந்துவிட்டு பிள்ளைகளை வெளியே அனுப்புங்க. ஸ்வெட்டர் யூனிஃபார்ம் நிறத்துல இல்லைன்னு எந்த ஹெச்.எம்.மும் திட்டக் கூடாது.

இன்னொண்ணு. ஆன்லைன்ல மலிவு விலையில வர்ற கார்பன்டை ஆக்சைடு மீட்டரை வாங்காதீங்க. நிறைய மீட்டர் அந்த வாயுவை அளக்கறதே இல்லை, வேற ஆவியை அளந்து கணக்கா மாத்திக் காட்டும். பக்கத்துல சானிடைசர் தடவினா எண்ணு தாவும், அப்படின்னா போலி. என்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்புக் கதிரால அளக்கிற) சென்சார்னு எழுதியிருக்கணும், வெளிமுற்றத்துல வச்சா 400 சுத்தி நிக்கணும். ஒரு ஸ்கூலுக்கு ஒண்ணு போதும், அறை அறையா எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாம்.

வேலந்தாவளத்தான்
பழைய எய்டட் (அரசு உதவி பெறும்) ஸ்கூலை மறந்துட்டீங்க. நீளமான ஓட்டுக் கட்டடம், நடுவுல தட்டி வச்சு நாலு வகுப்பு. அங்கே என்ன பபிள் (மத்தவங்களோட கலக்காம வைக்கிற பிள்ளைக் குழு)? ஒரே காத்துதானே.

கணக்கு டீச்சர்
ஒரே காத்துதான், ஒத்துக்கறேன். நாலு வகுப்பும் அங்கே ஒரே பபிள்னு எழுதிட வேண்டியதுதான், ஒரு பிள்ளைக்கு வந்தா நாலும் வீட்டுல இருக்கணும். ஆனா அரைச்சுவரும் உயர ஓடும் இருக்கிற அந்தக் கட்டடம், கண்ணாடி ஜன்னல் போட்டு சாத்தி வச்ச புது ஹைடெக் அறையை விட எவ்வளவோ மேல். தட்டியை மட்டும் எடுத்துடுங்க, குறுக்கே காத்து போகட்டும். சத்தம் கலக்கும்தான், ஆனா டீச்சர் கத்தக் கூடாது. கத்தினா சாதாரணப் பேச்சை விட நுண்துளி பல மடங்கு வரும், மாஸ்க்கும் கீழே இறங்கும். இடுப்புல மாட்டுற சின்ன மைக் வாங்கித் தாங்க, சானிடைசருக்குப் போற காசுல வந்துடும்.

குழாய்மேஸ்திரி
சானிடைசரைத் திட்டறது சரி, தண்ணியை விட்டுட்டீங்களே. 2020 மார்ச்ல மூடின டேங்க். முதல்ல காலி பண்ணி, தேய்ச்சுக் கழுவி, நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 170 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஒரு ராத்திரி விடணும். கடைசிக் குழாய் வரைக்கும் திறந்து குளோரின் வாசம் வரணும், அப்புறம் மொத்தத்தையும் வடிச்சுட்டு நல்ல தண்ணி நிரப்பணும். பவுடரை நேரா டேங்க்ல கொட்டாதீங்க. வாளியில கலக்கி, சுண்ணாம்பு அடியில தங்கினதும் தெளிஞ்சதை மட்டும் ஊத்தணும், இல்லைன்னா குழாய் அடைக்கும்.

கக்கூஸுக்கு 1 சதவீதக் கரைசல் போதும், 30 சதவீதப் பவுடர் லிட்டருக்கு 33 கிராம். போன வருஷம் பிரிச்ச மூட்டைன்னா வீரியம் இருக்காது. ஆசிட்டும் ப்ளீச்சும் ஒரே நாள்ல ஒரே இடத்துல வேண்டவே வேண்டாம், குளோரின் வாயு வரும். பெஞ்சுக்கு சோப்புத் தண்ணி. பிள்ளைக மேல, அறைக்குள்ள புகை அடிக்கறதெல்லாம் வெறும் வேடிக்கை.

வேலந்தாவளத்தான்
சரி, மதியம் வரைக்கும்தான் ஸ்கூல்ங்கறாங்க. கஞ்சிப்புரைக்கு (மதிய உணவு சமைக்கிற இடம்) முன்னாடி வரிசை? அங்கே எல்லாரும் மாஸ்க்கைக் கழட்டணுமே.

கணக்கு டீச்சர்
நாள்லயே ஆபத்தான இருபது நிமிஷம் அதுதாங்க. திண்ணையில, ஒரே பக்கம் பார்த்து, பபிள் பபிளா உட்காரணும். பிள்ளை வரிசைக்கு வராம பாத்திரம் வரிசைக்கு வரட்டும். துப்பாக்கி விஷயம்: வெயில்ல நடந்து வந்த நெத்தி கூடக் காட்டும், குளிர்ல வந்தது குறையக் காட்டும், பாராசிட்டமால் போட்ட பிள்ளையைப் பிடிக்கவே பிடிக்காது. அதை விட நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கிறதை நிறுத்தினா, காய்ச்சல் பிள்ளை வீட்டிலேயே இருக்கும்.

தேயிலைக்காடு
ரெண்டு பேரும் ஸ்கூல் கேட்டோட நிறுத்திட்டீங்க. லயத்துல (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) இருந்து ட்ரிப் ஜீப்புலதான் பிள்ளைக வருது. பின்னாடி படுதா இறக்கி, முட்டிக்கு முட்டி இடிச்சு அரை மணி நேரம். உங்க ஏழு தடவைக் கணக்கு அங்கே?

கணக்கு டீச்சர்
வண்டி ஓடும்போது பின்படுதாவை முழுசாச் சுருட்டினா வகுப்பறையை விட நல்ல காத்து. நின்னா அடைசல்தான், அதனால ஸ்கூல் வாசல்ல காத்திருக்காம உடனே இறக்கிடணும். ஒரு ஜீப் ஒரே பபிள்னு எழுதி வைக்கணும்.

வேலந்தாவளத்தான்
மூணு வகுப்புப் பிள்ளைக ஒரே ஜீப்புல வந்தா மூணு வகுப்பும் ஒரே பபிள் ஆயிடுதே. ஜீப்பை வச்சு பேட்ச் பிரிக்கணும், வகுப்பை வச்சு இல்லை. எந்த ஹெச்.எம். அப்படி டைம்டேபிள் போட்டிருக்காங்க, காட்டுங்க. அது வரைக்கும் ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ் விஷயத்துல என் கட்சி மாறாது.

தேயிலைக்காடு
ஜீப் டிரைவர்கிட்ட எந்தப் பிள்ளை எந்த ட்ரிப்னு பட்டியல் இருக்கும். ஹெச்.எம். முதல்ல அதை வாங்கட்டும்.