திரித்துவத்தில் ‘ஆள்’ என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். உயர்நிலை இரண்டு, மூன்று படிக்கும் பிள்ளைகள். போன வாரம் திரித்துவத்தைச் சொல்ல, பலகையில் ‘ஒரே தேவன், மூன்று ஆள்கள்: தகப்பன், மகன், ஆவி’ என்று எழுதினேன், எழுதி முடிப்பதற்குள் ஒரு பையன், “டீச்சர், ஆள்னா மனுஷன்தானே? அப்போ மூணு கடவுளா?” என்றான். சட்டென்று தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒருவரே மூன்று வடிவில் வருகிறார் என்பது மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு என்பவர் சொன்ன போதனை, சபை அன்றே தள்ளியது. அதையா சொல்லிக்கொடுத்தேன் என்று மனது அரிக்கிறது.

இந்தச் சிக்கல் கிரேக்கர்களுக்கே இருந்தது. 325இல் நைசியாவில் கூடிய ஆயர் சங்கத்தில் ‘ஊஸியா’, ‘ஹைப்போஸ்டாசிஸ்’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களையும் ஒரே பொருளில்தான் எழுதினார்கள். பிறகுதான் ஆயர்களான பசிலியுவும் கிரகோரிகள் இருவரும் ஊஸியா, அதாவது தேவனின் உள்ளியல்பு, ஒன்று; ஹைப்போஸ்டாசிஸ், அதாவது ஆள்கள், மூன்று என்று பிரித்துக் காட்டினார்கள். ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் லத்தீனில் எழுதிய ‘பெர்சோனா’ நமக்கு ‘ஆள்’, ‘ஆள்தத்துவம்’ என்று வந்தது. ஓஃபீர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகும் என் தோழி, அவர்கள் இயேசுவை ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்று விசுவாச அறிக்கையில் சொல்வதாகச் சொன்னாள். அழகான சொல், ஆனால் பிள்ளைகளுக்குப் பொருள் என்றால் கடையில் வாங்குவது.

இயேசு யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெறும் காட்சியிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். தண்ணீரில் மகன், புறாவைப் போல ஆவி, வானத்திலிருந்து தகப்பனின் குரல். சரி, மூவர் என்பது புரிந்துவிடும். அப்புறம் ஒருவர் என்பதை எந்தத் தமிழில் சொல்வது? பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், அக்கா, அண்ணன்மாரே.