கிரீமும் காரமுமாகக் கொரிய நூடுல்ஸ்: வீட்டில் செய்கிறவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செங்காங் அம்மா

பாக்கெட் மசாலாவை நம்பாமல், கொச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது) வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே இந்த நூடுல்ஸைச் செய்கிறவர்கள் இங்கே சிங்கப்பூரில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அவளுக்கும் அவளுடைய தோழிகளுக்கும் செய்து செய்து எனக்கு ஒரு முறை படிந்துவிட்டது. முதலில் அதைச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

இரண்டு பேருக்கு: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், சின்னத் துண்டு வெண்ணெய், நசுக்கிய பூண்டு நாலைந்து பல், பொடியாக நறுக்கிய பாதி வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் தீயை நன்றாகக் குறைத்துவிட்டு ஒன்றரை மேசைக்கரண்டி கொச்சுஜாங். இதை அந்த எண்ணெயில் வதக்குவதுதான் முக்கால்வாசி வேலை. கொச்சுஜாங் வெறும் மிளகாய் விழுது இல்லை. மிளகாய்த்தூள், பசையரிசி, புளிக்க வைத்த சோயா, உப்பு எல்லாம் சேர்ந்து ஊறியது. கடைகளில் கிடைப்பதில் இனிப்பும் சேர்ந்திருக்கும். அதனால் தீ கூடினால் நொடியில் அடிப்பிடிக்கும். ஆனால் பச்சையாகப் பாலில் கரைத்தால் மாவு வாசனை போகவே போகாது. மிளகாயின் நிறமும் காரமும் கொழுப்பில்தான் கரையும், எனவே எண்ணெய் ஓரமாகச் சிவந்து பிரிகிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். நம் குழம்புக்குப் பார்க்கிற அதே பதம்.

பிறகு 200 மில்லி முழுக்கொழுப்புப் பால். ஒரு கரண்டி சோயா சாஸும் ஒரு சீஸ் ஸ்லைஸும் கடைசியில். நூடுல்ஸை ஒரு நிமிடம் முன்னாடியே எடுத்து இதில் போட்டு, வேகவைத்த கலங்கல் தண்ணீரில் கால் கப் ஊற்றிப் புரட்டினால் சாஸ் நூலோடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் இருக்கிற மாவுச்சத்துதான் பாலையும் எண்ணெயையும் பிரியவிடாமல் பிடிக்கிறது. விப்பிங் கிரீம் வாங்கிச் செய்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் சாப்பிட முடியாமல் திகட்டியது.

நூடுல்ஸ் எது என்று கேட்டால், கடையின் குளிர்பெட்டிப் பகுதியில் இருக்கும் உடோன் (தடித்த ஜப்பானிய நூடுல்ஸ்) என் முதல் தேர்வு. ஈரச்சந்தையில் கிடைக்கும் மஞ்சள் மீ நூடுல்ஸில் கார வாசனை இருக்கும் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு மாதிரியான காரம்). அதைக் கொதிநீரில் அலசாமல் பாலில் போடாதீர்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி

அக்கா, நான் பாக்கெட் கட்சி. கட்டாயத் தேசிய சேவையில் (சீருடைப் பணி) இருக்கிறேன். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் இதுதான் சமையல்.

கொரியாவின் சாம்யாங் நிறுவனத்தின் புல்டாக் என்ற கார நூடுல்ஸ் 2012இல் வந்தது. அதன் கார்பனாரா வகையைத்தான் எங்கள் பிரிவில் எல்லாரும் வாங்குவார்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் முறை: 600 மில்லி தண்ணீரில் 5 நிமிடம் வேகவைத்து, 8 மேசைக்கரண்டி தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொட்டி, சாஸ் ஊற்றி 30 விநாடி வதக்க வேண்டும். நான் அந்த 8 கரண்டியில் பாதியைப் பாலாக மாற்றிவிடுவேன். சாஸ் பாக்கெட்டில் முக்கால்வாசி போதும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு முட்டை மஞ்சள் கரு.

இரட்டைக் காரம், மும்மடங்குக் காரம் என்று வருவதைப் பந்தயம் கட்டிச் சாப்பிடுகிற நண்பர்கள் உண்டு. 2024 ஜூனில் டென்மார்க் உணவுத் துறை அந்த மாதிரி மூன்று வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதமே இரண்டுக்குத் தடையை நீக்கிவிட்டார்கள். அப்போது எங்கள் ஆட்கள் சிரித்த சிரிப்பு! சின்ன வயதிலிருந்து சிலி பாடி (குட்டிக் கார மிளகாய்) கடித்து வளர்ந்த கூட்டம் அல்லவா. ஆனாலும் மும்மடங்கு சாப்பாடு இல்லை, தண்டனை. சாப்பிட்டவன் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான், எரிச்சல் அடங்கவில்லை. தண்ணீரில் கரையாத காரத்துக்குத் தண்ணீர் என்ன செய்யும்? பால் கொடுத்த பிறகுதான் பேசினான்.

பிடோக் சகோதரி

ஹலால் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கொச்சுஜாங் டப்பாவின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். பல நிறுவனங்கள் கெடாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் ஆல்கஹால் சேர்க்கின்றன, பொருள்பட்டியலிலேயே போட்டிருக்கும். சேர்க்காததும் கிடைக்கிறது. கொரிய முஸ்லிம் கூட்டமைப்பின் முத்திரையோடு வருகிற பொருள்களும் இங்கே கடைகளில் உண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரு வகையில் முத்திரை இருக்கும், பக்கத்தில் இருக்கும் இன்னொன்றில் இருக்காது. எனவே பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். டப்பாவில் காரத்தை ஐந்து படியாகக் குறித்திருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பாலே ஊற்றுவதில்லை. தே சி தேநீருக்கு ஊற்றுகிற, இனிப்புச் சேர்க்காத டின் பால்தான் (எவாபரேட்டட் மில்க்). மீன் பீஹூன் (அரிசி நூடுல்ஸ்) சூப்பில் நம் அங்காடிக் கடைக்காரர்கள் ஊற்றுவதும் இதுதானே! தண்ணீர் பெரும்பாலும் வற்றியது என்பதால் கெட்டியாக இருக்கும், கொதித்தாலும் சட்டென்று திரியாது. அரை டின், அரை கப் தண்ணீர், அவ்வளவுதான்.

தேங்காய்ப் பாலில் செய்ததை என் மாமியார் லக்சா (இறால் போட்ட தேங்காய்ப் பால் நூடுல்ஸ்) என்று நினைத்துச் சாப்பிட்டு, "இறால் எங்கேம்மா?" என்று கேட்டார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

தேக்கா பக்கத்து வீடு

புரட்டாசியில் எங்கள் வீட்டில் முழுச் சைவம். பிள்ளைகள் விடுவார்களா? இதைத்தான் கேட்டார்கள்.

சைவம் என்றால் முதல் எதிரி பாக்கெட் தூள். படத்தில் வெறும் மிளகாய்தான் தெரியும், தூளில் மாட்டிறைச்சிச் சாறோ கோழியோ நெத்திலியோ இருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகளும் இதைக் கவனிக்க வேண்டும். கிம்ச்சியிலும் (புளிக்க வைத்த கொரிய முட்டைக்கோஸ்) வழக்கமாக மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பார்கள். சைவக் கிம்ச்சி தனியாக விற்கிறது.

கிரீமுக்கு நான் நம்புவது முந்திரி. பத்துப் பன்னிரண்டு பருப்பை வெந்நீரில் ஊறவைத்து, பாதிக் கட்டி சில்கன் டோஃபுவோடு மையாக அரைத்தால் சீஸே வேண்டாம். குருமாவுக்குப் பழகிய கைதானே. ஒரே தொல்லை, தீ பட்டதும் கெட்டியாகிக்கொண்டே போகும். பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த ஷிட்டாகே காளான் ஊறிய தண்ணீரை அந்த வெந்நீரோடு சேர்த்தால், பாக்கெட் தூள் இல்லாத குறை தெரியாது.

கொரிய மிளகாய்த்தூள் வாங்க மனமில்லை என்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் ஓரளவு ஒத்துவரும். நிறம் உண்டு, காரம் கம்மி. ஆனால் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூளை மட்டும் தொடாதீர்கள். அதில் மல்லியும் சீரகமும் இருக்கும். நூடுல்ஸைப் போட்ட குழம்பாகிவிடும், அது வேறு பலகாரம்.

ஜூரோங் மாமா

எல்லாம் சரி. இவ்வளவு பாடுபடுவதற்கு மாமாக் உணவுக்கடையில் ஒரு மகி கோரெங் (வறுத்த மகி நூடுல்ஸ்) சொன்னால் பத்து நிமிடத்தில் வந்துவிடுமே. இருந்தாலும் என் பேத்திக்காகக் கேட்கிறேன். அவள் கொழுப்பு குறைந்த பாலில் செய்கிறாள், கிம்ச்சியும் போடுகிறாள். ஒவ்வொரு முறையும் திப்பி திப்பியாகத் திரிந்துவிடுகிறது. ஏன்?

செங்காங் அம்மா

மாமா, கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கிம்ச்சி புளிப்பு. புளிப்பும் கொதியும் ஒன்றாகச் சேர்ந்தால் பால் திரியும், கொழுப்பு குறைந்த பால் இன்னும் சீக்கிரம் திரியும். கிம்ச்சியைப் பாலில் கொதிக்கவிடாமல் தட்டில் மேலே வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். பாலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஊற்றக் கூடாது (குளிரோடு என்று படியுங்கள்!). வெளியே கொஞ்ச நேரம் இருக்கட்டும். ஊற்றிய பிறகு ஓரத்தில் குமிழ் வந்தால் போதும். சீஸ், அடுப்பை அணைத்த பிறகு. துருவிய செடாரை விட ஸ்லைஸ் சீஸ் இதற்கு நல்லது, அதில் சேர்க்கிற உப்புகளால் எண்ணெய் பிரியாமல் உருகும்.

பிடோக் சகோதரி சொன்ன டின் பாலை இந்த வாரம் செய்து பார்க்கப் போகிறேன். முந்திரி எங்கள் வீட்டில் எடுபடாது, மகள் கண்டுபிடித்துவிடுவாள்.

உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்வது 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள். பாக்கெட் நூடுல்ஸ் ஒன்றே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். இங்கே பானங்களுக்கு இருக்கிற நியூட்ரி-கிரேட் என்ற ஊட்டச்சத்துத் தரக் குறியீடு 2027 நடுவில் உடனடி நூடுல்ஸுக்கும் சாஸ்களுக்கும் வருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம், கொச்சுஜாங் போட்ட பிறகு உப்பு டப்பாவைத் திறக்காமல் இருந்தாலே போதும். சோயா சாஸையும் கடைசியில் ருசி பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி

அக்கா, மீந்ததை மறுநாள் சூடாக்கலாமா?

செங்காங் அம்மா

நூடுல்ஸோடு கலந்ததை வைக்காதே தம்பி, ஊறிக் களியாகிவிடும். சாஸை மட்டும் தனியாக எடுத்துக் குளிர்பெட்டியில் வை. மறுநாள் இரண்டு கரண்டி பால் விட்டுச் சின்னத் தீயில் கிளறி, நூடுல்ஸைப் புதிதாக வேகவைத்துக்கொள்.