ப்ளோட்வேர் என்பதற்குத் தமிழ்ச்சொல்: 'திணிநிரல்' என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

புதுக் கணினியிலோ போனிலோ நாம் கேட்காமலே நிறுவி வரும் தேவையற்ற நிரல்களை ஆங்கிலத்தில் ப்ளோட்வேர் (bloatware) என்கிறார்கள். இதற்கு இதுவரை ஊதுநிரல், குப்பைநிரல், களைநிரல், ஒட்டுநிரல் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக நான் ஒன்றை முன்வைக்கிறேன்: திணிநிரல். எனக்கு இது ஏன் சரியாகப் படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் அக்கா மகள் புது லேப்டாப் வாங்கினாள். முதல்முறை இயக்கி, பெயர், கடவுச்சொல் எல்லாம் கொடுத்து முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையின் வலது கீழ்மூலையில் சிவப்புக் கேடயப் படத்தோடு ஒரு கட்டம் மேலெழுந்தது. கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே பதிவு செய்யுங்கள் என்றது. மூடினாள். சற்று நேரத்தில் மறுபடி வந்தது.

"மாமா, புதுசுலேயே வைரஸ் வந்துருச்சா?"

வைரஸ் இல்லை, வைரஸைத் தடுக்கிற மென்பொருள்தான், முப்பது நாள் சும்மா ஓடும், அப்புறம் பணம் கேட்கும் என்றேன்.

"ஆனா இதை நான் போடலையே?"

செய்த நிறுவனமே போட்டு அனுப்பியிருக்கிறது என்றேன். அப்படியென்றால் இதற்குப் பெயர் என்ன என்று கேட்டாள். ப்ளோட்வேர் என்றேன். அந்தச் சொல் அவளுக்கு ஒன்றையும் சொல்லவில்லை. தமிழில் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், சொல் வரவில்லை. இருவருமாக உட்கார்ந்து நிரல்களின் பட்டியலைத் திறந்து எண்ணினோம். அவள் கேட்காதவை மட்டும் பதினேழு. அந்தக் கேடயக்காரரை நீக்கப் போனபோது, வைத்துக்கொள்ளும் பொத்தான் பளிச்சென்ற பச்சையில் பெரிதாகவும், நீக்கும் பொத்தான் வெளிறிய சாம்பலில் ஒரு வரி எழுத்தாகவும் இருந்தன. அவள் முதலில் பச்சையைத்தான் அழுத்தினாள்.

"நான் போடலையே" என்று அவள் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த நிரல் எவ்வளவு பெரிது, எவ்வளவு நினைவகம் தின்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்தது. நாம் வைக்கும் சொல் முதலில் அவளுடைய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆங்கிலச் சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு அம்சங்களைச் சேர்த்துச் சேர்த்துப் பருத்துப்போன மென்பொருளையும் அவர்கள் ப்ளோட்வேர் என்கிறார்கள், புதுக் கணினியில் கேட்காமல் வந்து உட்காருவதையும் அதே பெயரால் அழைக்கிறார்கள். முதலாவது நிரலாளர்களின் பழைய கவலை. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995இல் அதைப் பற்றித்தான் எழுதினார்: வன்பொருள் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டே போகிறது என்பது அவர் குறை. இரண்டாவது முற்றிலும் வேறு சங்கதி. திணிக்கப்பட்ட நிரல் சில நூறு கிலோபைட் அளவில் சிறுத்தும் இருக்கலாம், ஆனாலும் அது நாம் கேட்காதது. அவர்கள் ஒரே பெயரில் முடிந்துவைத்ததை நாமும் அப்படியே முடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஊதுநிரல் என்ற பரிந்துரையை முதலாவது பொருளுக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே அது அழகாகவே பொருந்துகிறது.

குப்பைநிரல் காதுக்கு உடனே ஏறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் குப்பை என்பது நாம் பயன்படுத்தி முடித்துக் கழித்துப் போடுவது. இது நாம் தொடுவதற்கு முன்பே உள்ளே இருக்கிறது. குப்பை அஞ்சல் என்ற சொல்லும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், கேட்பவர் இதையும் அதோடு சேர்த்துவிடுவார். ஒட்டுநிரலில் வேறொரு சிக்கல்: மென்பொருள் ஓட்டையை அடைக்கிற பேட்ச்சைப் பலர் ஒட்டு என்றுதான் சொல்கிறார்கள். நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே சொல் ஆகிவிடும்.

நான் அதிக நேரம் யோசித்தது களைநிரல் பற்றித்தான். பெயராக எடுத்தால் பயிருக்கு நடுவே முளைத்தது, வினையாக எடுத்தால் பிடுங்கி எறிய வேண்டியது. ஒரே சொல்லில் நோயும் மருந்தும் இருக்கின்றன, பரிந்துரைத்தவருக்கு என் பாராட்டு. ஆனாலும் களை தானாக முளைக்கிறது. யாரும் விதைப்பதில்லை, யாரையும் குறை சொல்ல முடியாது. இங்கே விதைத்தவர் இருக்கிறார். கணினி விற்பனையில் மிஞ்சும் லாபம் குறைவு என்பதால், மென்பொருள் நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவற்றின் சரக்கை உள்ளே வைத்து அனுப்புகிறார்கள். 2008இல் சோனி ஒருபடி மேலே போய், இவை இல்லாத கணினி வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தக் கட்டணத்தை விலக்கிக்கொண்டது. வைத்ததும் அவர்களே, எடுக்கக் காசு கேட்டதும் அவர்களே. இப்படிச் செய்பவரை மறைக்கிற சொல் எனக்கு வேண்டாம்.

திணி என்ற வினையில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: திணிப்பவர் ஒருவர், வேண்டாமல் வாங்கிக்கொள்பவர் ஒருவர். பையில் துணியைத் திணிக்கிறோம், வாயில் மருந்தைத் திணிக்கிறோம், கருத்தைத் திணிக்கிறார்கள் என்கிறோம். இடம் போதாமல் அடைப்பது, விருப்பம் இல்லாமல் புகுத்துவது என்ற இரண்டு பொருளும் அதிலேயே கிடைக்கின்றன. ஆங்கிலம் சொல்கிற பருமனும் இதில் ஓரளவு வந்துவிடுகிறது.

இலக்கணப்படி திணிநிரல் வினைத்தொகை, வளர்பிறை போல. திணித்த நிரல், திணிக்கிற நிரல், திணிக்கும் நிரல் என்று மூன்று காலத்துக்கும் விரியும். இது வெறும் இலக்கண நயம் இல்லை, நடப்பும் அப்படியேதான் இருக்கிறது. வாங்கும்போது ஒரு தடவை வந்ததோடு கதை முடிவதில்லை. விண்டோஸ் 8 முதல் ஒரு வசதி உண்டு: தயாரிப்பாளர் தாய்ப்பலகையின் நிலைப்பொருளிலேயே (ஃபர்ம்வேர், வட்டில் இல்லாமல் பலகையின் சில்லிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) ஒரு நிரலை வைத்துவிட்டால், கணினி கிளம்பும்போது விண்டோஸ் அதை எடுத்து ஓட்டும். வட்டை முழுக்க அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினாலும் அது திரும்ப வரும். லெனோவோவின் சில மாடல்களில் இப்படி ஒரு நிரல் இருந்தது 2015இல் தெரியவந்து, பிறகு அதை எடுக்க வழி கொடுத்தார்கள்.

இது வெறும் எரிச்சல்தானே, இதற்கு இவ்வளவு கடுமையான சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்காக இதே லெனோவோவின் இன்னொரு விவகாரம், சூப்பர்ஃபிஷ். 2015 பிப்ரவரியில் வெளியே வந்தது. லேப்டாப்போடு வந்த அந்த விளம்பர நிரல், நாம் பார்க்கும் வலைப்பக்கங்களுக்குள் தன் விளம்பரங்களைச் செருகியது. பூட்டுச்சின்னம் போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் நுழைய வேண்டும் என்பதற்காக, தனக்கென ஒரு மூலச் சான்றிதழை (எந்தத் தளத்தின் சான்றிதழை நம்பலாம் என்று உலாவி முடிவு செய்ய அடிப்படையாக இருப்பது) கணினியில் பதித்துவிட்டது. அதன் பிறகு வங்கிப் பக்கத்துக்குப் போனாலும் உலாவிக்குக் கிடைப்பது வங்கியின் சான்றிதழ் அல்ல, இந்த நிரல் கையெழுத்திட்ட போலி. இதைவிடக் கொடுமை, அப்படிக் கையெழுத்திடப் பயன்படும் ரகசியத் திறவுகோல் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தது. ஒரு கணினியிலிருந்து அதை எடுத்துவிட்டால், பொது வைஃபையில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களின் கணினியிடம் எந்தத் தளமாகவும் நடிக்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்தத் திறவுகோலை வெகு சீக்கிரமே எடுத்துக் காட்டினார்கள். நிரலை நீக்கினாலும் சான்றிதழ் உள்ளேயே தங்கியது, அதைத் தனியாகத் தேடிப்போய் அழிக்க வேண்டியிருந்தது. அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே எச்சரிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் டெல் கணினிகளிலும் இதேபோன்ற ஒரு சான்றிதழ் அகப்பட்டது. அது வாடிக்கையாளர் உதவிக்காக வைத்தது என்றார்கள், ஆனால் அழித்தாலும் தன்னைத்தானே மறுபடி பதித்துக்கொண்டது.

ஆகவே சொல் கடுமையாக இருப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அதற்காக முன்கூட்டியே நிறுவிய எல்லாவற்றையும் திணிநிரல் என்று அழைப்பதும் தப்பு. ஒலி, திரை, தொடுதளம் ஆகியவற்றுக்கான இயக்கிகள் (டிரைவர்கள்) இல்லாவிட்டால் அவை சரியாக வேலை செய்யாது. அந்த இயக்கிகளுக்கு முன்நிறுவிய நிரல் என்ற பொதுப்பெயர் போதும். அந்தப் பொதுப்பெயருக்குள் எது திணிநிரல்? பயனர் கேட்கவில்லை, கருவி இயங்க அது தேவையும் இல்லை, அதனால் ஆதாயம் பிறருக்கு. இந்த மூன்றும் சேர்ந்தால் திணிநிரல் என்று வரையறுக்கலாம். நீக்க முடியுமா முடியாதா என்பதை வரையறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் எண்ணம். எளிதாக நீங்கினாலும் திணித்தது திணித்ததுதான்.

நியாயமான ஒரு மறுப்பும் இருக்கிறது, அதை முழுசாகத் தள்ள எனக்கு மனமில்லை. இலங்கைப் பாடநூல்களில் திணிவு என்றால் மாஸ், தமிழ்நாட்டில் நாம் நிறை என்பது. அங்கே படித்தவர் திணிநிரலைப் பார்த்தால் அடர்த்தியான நிரல் என்று ஒரு நொடி தயங்கக்கூடும். திணிந்த என்பதற்குச் செறிந்த என்ற பழம்பொருளும் உண்டுதான். இருந்தாலும் வாக்கியத்தில் வைத்தால் அந்தத் தயக்கம் தெளிந்துவிடும் என்று நம்புகிறேன். "புதுக் கணினியில் ஏழு திணிநிரல்கள் இருந்தன, ஐந்தை நீக்கினேன்." யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு நண்பர்கள் இதைப் படித்ததும் என்ன தோன்றியது என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

கிளைச்சொற்கள் சிரமமின்றிப் பிறக்கின்றன. திணிநிரல் நீக்கி, திணிப்பற்ற கணினி, மென்பொருள் திணிப்பு. சட்டம் பற்றி எழுதவும் இது உதவும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சந்தைச் சட்டப்படி, ஆதிக்கம் மிகுந்த பெருநிறுவனங்கள் முன்நிறுவிய செயலிகளை எளிதாக நீக்க வழிவிட வேண்டும். இதைத் தமிழில் எழுத வேண்டியிருந்தபோது நானே இரண்டு வரி சுற்றி வளைத்துத்தான் எழுதினேன்.

போன வாரம் அக்கா மகளிடம் இந்தச் சொல்லை மட்டும் சொன்னேன், விளக்கம் கொடுக்கவில்லை. நேற்று அவளிடமிருந்து செய்தி வந்தது: "தாத்தா போன்ல ஆறு திணிநிரல் மாமா. நாலு போயிருச்சு. ரெண்டை முடக்கத்தான் முடியுது, நீக்க முடியலை."

போன்களில் இயங்குதளப் பகுதியிலேயே வைத்துப் பூட்டிவிடுவதால் வரும் நிலை இது. முடக்கினாலும் அது பிடித்த இடம் திரும்பக் கிடைக்காது. அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல நீங்காத் திணிநிரல் என்று அடைமொழி சேர்த்தால் போதுமா, இல்லை அதற்கென்று தனிச்சொல் வேண்டுமா? எனக்கு முதலாவதே போதும் என்று தோன்றுகிறது, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.