வெயில் ஏறினால் பார்வை மங்குகிறது, எம்எஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான், வயது 34. போன ஐப்பசியில் வலது கண் மங்கி, கண்ணை அசைத்தாலே வலித்தது. எம்ஆர்ஐ எடுத்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) என்றார்கள்; உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். விட்டுவிட்டு வரும் வகை. ஸ்டீராய்டு ஏற்றியதில் பார்வை திரும்பியது. இப்போது மறுபடி தாக்காமல் இருக்க டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை 240 மி.கி., தினம் இரண்டு வேளை.

மாத்திரை ஒத்துக்கொள்கிறது. வெயில்தான் தாங்கவில்லை. எங்கள் வகுப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 11 மணிக்கு மேல் போர்டில் நானே எழுதியதில் 3 எது, 8 எது என்று தெரிவதில்லை. இடது கால் வேறு இழுக்கிறது. உடம்புச் சூடு தணிந்தால் சரியாகிவிடுகிறது. இது புதுத் தாக்குதல் இல்லை, சூட்டில் நரம்பு தடுமாறுவதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காலையில் தாமிரபரணியில் முங்கிவிட்டுப் போனால் முதல் இரண்டு பீரியட் ஓடிவிடும். அப்புறம் ஈரத்துண்டு, டேபிள் ஃபேன், ஐஸ் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. ஹெச்எம் நல்ல மனுஷி, பாதி வகுப்புகளைக் காலைக்கு மாற்றித் தந்தார். பத்தாம் வகுப்பை மட்டும் மாற்ற வழியில்லை. அந்தப் பிள்ளைகளை விடவும் எனக்கு மனசில்லை.

ஐஸ் பேக் வைக்கும் கூலிங் வெஸ்ட் போட்டுக்கொண்டு நம்மூர் சித்திரை வெயிலில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எந்த வகை, எவ்வளவு நேரம் குளிர்ச்சி நிற்கிறது?