கலைச்சொல்: 'யுவேஹு', 'யுவேஜி' – தமிழில் எது பொருந்தும்?

ஐயா,

பழைய சீனத்தில் அரசு ஏட்டில் எழுதப்பட்ட இசைக் குடும்பங்களைக் குறிக்கும் 'யுவேஹு'வுக்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'கணிகையர்' பொருந்தாது என்பது என் கருத்து. 'ஹு' என்பது அரசுக் கணக்கில் ஓர் அலகாக எழுதப்பட்ட வீடு. குழலூதும் ஆண், பாடும் பெண், அவர்கள் பெறும் பிள்ளை எல்லாரும் அதில் அடக்கம். கணிகை என்றால் ஒரு பெண் மட்டும்தான் நம் நினைவுக்கு வருவாள். 'தேவரடியார்' கோயிலோடு பிணைந்த சொல். சீனத்தில் இவர்களைக் கட்டிவைத்தது அரசின் ஏடு.

அந்த ஏட்டில் பெயர் ஏறிய விதத்தையும் பாருங்கள். வட வெய் என்ற சீன அரச மரபின் ஆட்சியில் கொள்ளையடித்துக் கொலை செய்தவனுக்குத் தலை போகும். அவன் மனைவி மக்கள் யுவேஹு ஆவார்கள். 1402-இல் அரியணையைப் பிடித்த மிங் பேரரசர் யோங்லே, தமக்குப் பணியாத அமைச்சர்களின் வீட்டுப் பெண்களை ஜியாவ்ஃபாங்சி என்ற அரசு இசை அலுவலகத்துக்கு அனுப்பினார். தண்டனையாகத் தொடங்கிப் பரம்பரையாக ஒட்டிக்கொண்ட நிலை இது. தொழிற்பெயரால் இதைச் சொல்ல முடியாது.

எனவே யுவேஹு = இசைக்குடி. 'குடி' 'ஹு'வுக்கு நேராக நிற்கிறது. அவர்கள் பெயரை எழுதிய ஏடான யுவேஜிக்கு 'இசைப்பதிவு' வேண்டாம், ஒலிப்பதிவுக் கூடம் என்று படிப்பார்கள். 'இசைக்குடி ஏடு' எனலாம். பெயரை நீக்குவது 'ஏடுநீக்கம்'. செங்து நகரில் வாழ்ந்த தாங் காலக் கவிஞர் சுவே தாவ் இந்த ஏட்டில் இருந்து பின்னர் நீங்கியவர். அரசு ஏட்டில் இருந்தவளை விரும்பியவன் பணம் கட்டி மீட்டுவிட முடியாது, அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். 'மீட்பு' என்ற சொல்லில் அது மறைந்துபோகும்.

சட்டம் இவர்களுக்கு வகுத்த இழிநிலையான 'ஜியென்' என்பதைத் 'தாழ்நிலை' என்று மென்மையாக்க வேண்டாம். ஏழ்மை என்று புரிந்துகொள்வார்கள். புகழும் பொருளும் குவித்த பாடகியும் ஜியென்தான். அவளை மணந்த அதிகாரிக்கு மிங் சட்டப்படி 60 தடியடி, திருமணமும் செல்லாது. 'சட்டப்படி இழிகுடி' என்று முழுதாக எழுதுவதே நேர்மை.

————

அம்மா,

இசைக்குடியை ஏற்கிறேன். ஆனால் எல்லா இசைஞருக்கும் அதைப் போட்டுவிடக் கூடாது. தாங் சட்டத்தில் தாய்ச்சாங் சடங்கு அலுவலகத்து இசைஞர்கள் பொதுமக்களோடு மணவுறவு கொள்ளலாம். அவர்களை 'தாய்ச்சாங் இசைஞர்' என்றே விடலாம்.

'ஏடுநீக்கம்' ஒருவருக்கு உரியது. 1723-இல் சிங் பேரரசர் யோங்செங் ஷான்சி, ஷென்சி மாகாணங்களின் இசைக்குடிகளின் இழிநிலையையே நீக்கினாரே, அதற்கு 'ஏடொழிப்பு' என்று தனிச்சொல் தேவை. அதையும் 'விடுதலை' என்று எழுதினால் பிழையாகும். தொழிலை விட்டதாக அறிவித்து நான்கு தலைமுறை கழியவேண்டும், நெருங்கிய உறவினரும் அத்தொழிலில் இருக்கக் கூடாது, அப்போதுதான் அரசுத் தேர்வு எழுதலாம் என்று 1771-இல் விதி வந்தது.

ஏடு போன பிறகும் நடிகருக்குத் தேர்வு மறுக்கப்பட்டே வந்தது. ஆகையால் பிற்காலப் பீக்கிங் ஆபரா என்ற இசைநாடகத்தின் நடிகர்களுக்கு 'இசைக்குடி' ஆகாது. 'கூத்தர்' போதும், பக்கத்தில் நீங்கள் சொன்ன 'சட்டப்படி இழிகுடி'யோடு.