‘பெரிய வீடு மும்பை’ குழு: பாபுவின் அப்ரென்டிஸ் வேலை

வியாழன்

செல்வி அக்கா, காலை 6:48
எல்லாரும் இதைப் பாருங்கள். பாபுவுக்கு நவி மும்பை ரபாலேயில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் தொழில் பழகும் அப்ரென்டிஸ் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு வருஷம். சேருகிறானா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். மாதம் 7000தான். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அண்ணன் டோம்பிவிலி, 6:55
7000ஆ

அண்ணன் டோம்பிவிலி, 6:55
37 வயதில்

ஊர் சித்தி, 7:02
காலை வணக்கம் மக்கா. முத்தாரம்மன் கோவில் கொடைத் திருவிழா வரி இந்த வருஷம் ஒரு குடும்பத் தலைக்கட்டுக்கு 2500. பம்பாயிலிருந்து இன்னும் யாருமே அனுப்பவில்லை.

செல்வி அக்கா, 7:04
அனுப்புகிறோம் சித்தி. இது கொஞ்சம் அவசரம்.

கவிதா, 7:31
பெரிய மாமா, 7000 என்பது கம்பெனி தன் இஷ்டத்துக்குப் போட்டதில்லை. பன்னிரண்டாவது படித்தவருக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஸ்டைபண்டே, அதாவது பயிற்சிக் காலத்தில் தரும் தொகையே, அவ்வளவுதான். எங்கள் அம்பர்நாத் ஆலையில் இந்தக் கோப்பைப் பார்ப்பதே நான்தான், அதனால் விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 2019இல் விதியை மாற்றினார்கள். ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை படித்தவருக்கு 5000, பத்தாவதுக்கு 6000, பன்னிரண்டாவதுக்கும் ஐடிஐக்கும் 7000, டிப்ளமோவுக்கு 8000, டிகிரிக்கு 9000. அதற்கு முன்னால் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், முதல் வருஷம் 70 சதவீதம், அடுத்தது 80, அப்புறம் 90. கூலி ஏறினால் இதுவும் தானாக ஏறும். அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு ஒரு தொகையை எழுதி வைத்தார்கள், விலைவாசி அதைத் தாண்டிப் போய்விட்டது. 2025 மே மாதம் மத்திய அப்ரென்டிஸ் கவுன்சில் 36 சதவீதம் கூட்டச் சொல்லிப் பரிந்துரை செய்தது, 5000ஐ 6800 ஆக்கி 9000ஐ 12300 ஆக்க வேண்டும் என்று. ஆனால் கம்பெனி எழுத்தில் தருகிற தொகையை வைத்துத்தான் நாம் கணக்குப் போட வேண்டும்.

அண்ணன் டோம்பிவிலி, 7:40
இவ்வளவு நீளமா

கவிதா, 7:41
இன்னும் இருக்கிறது மாமா

சேகர் லண்டன், 7:44
நான் நைட் ஷிஃப்ட்டில் இருக்கிறேன். அண்ணே சேர்ந்துவிடுங்கள். லிஃப்ட் வேலைக்கு என்றும் பஞ்சம் இல்லை. மும்பையில் எத்தனை டவர் கட்டுகிறார்கள்.

லதா, 8:15
மைனி, இதைக் குழுவில் போடப் போகிறீர்கள் என்று இவருக்குத் தெரியாது. பார்த்தால் வருத்தப்படுவார். ஆனால் போட்டது நல்லதுதான். எங்களால் தனியாக முடியாது. ரூம் வாடகை 11000. இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கூல், டியூஷன். மாவு விற்று எனக்கு மாதம் ஆறாயிரம் நிற்கும். பிப்ரவரியில் இவர் வேலை பார்த்த துணிக்கடையை மூடினார்கள், அன்றிலிருந்து கையில் இருந்ததை எடுத்துத்தான் சாப்பிடுகிறோம்.

அண்ணன் டோம்பிவிலி, 8:21
அப்படியென்றால் சம்பளம் வருகிற வேலைக்குப் போகட்டும். தாதரில் துணிக்கடைக்கா பஞ்சம்?

லதா, 8:24
போய்க் கேட்டார் அத்தான். 14 வருஷ அனுபவம் என்றதும் வேண்டாம் என்கிறார்கள். 22 வயதுப் பையன் 12000க்கு நிற்கிறானாம்.

செல்வி அக்கா, 8:26
😔

ஊர் சித்தி, 8:30
கலைஞர் கைவினைத் திட்டம் என்று டிவியில் சொன்னார்களே, 35 வயதுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் லோனாம். பாபு வாங்கலாமே.

கவிதா, 8:38
சித்திப் பாட்டி, அது தமிழ்நாட்டில் கைத்தொழில் செய்பவர்களுக்கு. மாமா இங்கே மகாராஷ்டிராவில் இருக்கிறார், தொழிலை இனிமேல்தான் கற்றுக்கொள்ளப் போகிறார். இங்கே முதலமைச்சர் யுவா பயிற்சித் திட்டம் என்று 2024இல் வந்தது, பன்னிரண்டாவதுக்கு 6000, அதிலும் 18 முதல் 35 வரைதான். ரயில்வே அப்ரென்டிஸ் 15 முதல் 24 வயது, எஸ்சி எஸ்டிக்கு ஐந்து வருஷமும் ஓபிசிக்கு மூன்று வருஷமும் தளர்வு. எந்தக் கதவைத் தட்டினாலும் வயதுதான் குறுக்கே நிற்கிறது. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. அப்ரென்டிஸ் சட்டம் 1961ஆம் வருஷத்தது. அதில் 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆபத்தான தொழில் என்றால் 18 என்று இருக்கிறது, மேல்வரம்பு கிடையாது. 50 வயதுக்காரரும் சேரலாம். ஆனால் பணம் வருகிற இடத்தில் வரம்பு வைத்துவிட்டார்கள். தேசிய அப்ரென்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் ஸ்டைபண்டில் 25 சதவீதம், அதிகபட்சம் 1500, மத்திய அரசு தருகிறது. 2023லிருந்து அது பயிற்சி பெறுபவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. அதற்கு வயது 14 முதல் 35. மாமாவுக்கு இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அதனால் முழு 7000ஐயும் கம்பெனிதான் போட வேண்டும், அப்புறம் எந்த முதலாளி 37 வயதுக்காரரைத் தேடி எடுப்பார்?

சேகர் லண்டன், 8:47
இங்கேயும் அப்ரென்டிஸ் சம்பளம் குறைவுதான், 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டு ஆக்கினார்கள். ஆனால் 19 வயது தாண்டியவருக்கு முதல் வருஷம் மட்டும்தான் அந்த ரேட். அப்புறம் வயதுக்கு உரிய குறைந்தபட்சக் கூலி தர வேண்டும், 21க்கு மேல் அதே ஏப்ரலில் 12.21. முதல் வருஷத்தை ஓட்ட முடியாமல் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இங்கேயும் உண்டு.

அண்ணன் டோம்பிவிலி, 8:50
லண்டன் கதை இங்கே எதற்கு

சேகர் லண்டன், 8:51
சரி அண்ணே. தூங்கப் போகிறேன். மாதம் 5000 நான் அனுப்புகிறேன், எழுதி வைத்துக்கொள் கவிதா.

செல்வி அக்கா, 8:53
சேகர் 🙏

அண்ணன் டோம்பிவிலி, 9:10
2019இல் டெம்போ வாங்க நான் கொடுத்த ஒன்றரை லட்சத்தையும் எழுதி வை

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

செல்வி அக்கா, 9:12
நீக்கினால் மட்டும் நாங்கள் படிக்காமல் இருப்போமா அண்ணே. லதாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள்.

லதா, 9:20
அத்தான் கேட்பதில் தப்பில்லை. மறக்கவில்லை.

மதியம்

ஊர் சித்தி, 1:05
நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்றா? கொடைக்கு யார் யார் வருகிறீர்கள்? சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொல்ல வேண்டும்.

செல்வி அக்கா, 1:30
சித்தி, உங்களுக்கு நினைவிருக்கும். 1982 ஜனவரியில் மில் ஸ்டிரைக். அப்பாவுக்கு அப்போது 34 வயது. மில் திறக்கும் திறக்கும் என்று ஏழு மாதம் பார்த்தார். அப்புறம் குர்லாவில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் சம்பளம் இல்லாமல் எடுபிடியாகப் போய் உட்கார்ந்தார். ஒரு வருஷம் முழுக்க வெறும் டீயும் வடாபாவும்தான் கூலி. தன்னைவிடப் பத்து வயது சின்னவனை ‘உஸ்தாத்’ என்று கூப்பிட்டார். அந்த வருஷம் நமக்குச் சோறு போட்டது அம்மாவின் இட்லிக் கொப்பரை. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்ற வைப்பாள். அப்பா தொழில் படித்ததற்குப் பணம் கொடுத்தது அந்த இட்லிதான்.

அண்ணன் டோம்பிவிலி, 1:41
இட்லிக் கூடையைத் தூக்கியது யார்

செல்வி அக்கா, 1:41
நீதான் அண்ணே

அண்ணன் டோம்பிவிலி, 1:46
9 வயது எனக்கு. 90 அடி ரோட்டிலிருந்து சயான் ஸ்டேஷன் வரை. முதல் பீரியட் ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒருவன் தொழில் படிக்கும்போது வீட்டில் இன்னொருவன் எதை இழக்கிறான் என்று எனக்குத் தெரியும். லதாவின் பிள்ளைகள் கூடை தூக்கக் கூடாது.

லதா, 1:50
தூக்க விட மாட்டேன் அத்தான்

கவிதா, 1:58
பெரிய மாமா, இதை நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லையே.

அண்ணன் டோம்பிவிலி, 2:03
யார் கேட்டீர்கள்

இரவு

பாபு, 8:37
எல்லாம் படித்தேன். செல்வி அக்கா மேல் வருத்தம் இல்லை. ஒரு விஷயம் நான் லதாவிடம்கூடச் சொல்லவில்லை. இன்று கம்பெனியில் கடிதம் கொடுத்தார்கள். அதில் 5500 என்றுதான் போட்டிருக்கிறது. 35க்கு மேல் ஆனதால் சர்க்கார் பங்கு 1500 வராதாம், அதனால் அவர்கள் பங்கு மட்டும்தானாம்.

லதா, 8:39
என்னங்க இது

கவிதா, 8:44
மாமா கையெழுத்துப் போடாதீர்கள். கடிதத்தை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். சர்க்கார் பங்கு வருகிறதோ இல்லையோ, குறைந்தபட்சம் 7000 தருவது முதலாளியின் பொறுப்பு. 1500 என்பது அரசு கொடுக்கும் உதவி, அது இல்லை என்று உங்கள் ஸ்டைபண்டில் கழிக்க முடியாது. அப்புறம் இன்னும் இரண்டு கேளுங்கள். ஒன்று, ஒப்பந்தம் அப்ரென்டிஸ் போர்ட்டலில் பதிவாகுமா? பதிவாகவில்லை என்றால் நீங்கள் அப்ரென்டிஸே இல்லை, குறைந்த கூலிக்கு வேலை பார்க்கும் ஆள், கடைசியில் சான்றிதழும் கிடைக்காது. இரண்டு, முடித்த பிறகு வேலைக்கு எடுப்பது பற்றி அவர்கள் கொள்கை என்ன? எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் கம்பெனி ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு வருஷம் உங்களைத் தொழிலாளி என்று சட்டம் எண்ணாது, பயிற்சி பெறுபவர்தான். பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இல்லை, அதையும் கணக்கில் வையுங்கள்.

செல்வி அக்கா, 8:47
சயானில் அப்ரென்டிஸ் போர்டு ஆபீஸ் இருக்கிறதே, அங்கே போய்க் கேட்கலாமா?

கவிதா, 8:49
அது டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு அம்மா. மாமாவுக்கு ஐடிஐயில் இருக்கிற அப்ரென்டிஸ் பிரிவு.

கவிதா, 8:52
மாமா இன்னொன்று. பழைய கடையில் கிராஜுட்டி, அதாவது பணிக்கொடை, கொடுத்தார்களா?

பாபு, 8:55
கடைசி மாதச் சம்பளம் மட்டும் கொடுத்தார்கள். கிராஜுட்டி எல்லாம் ஆலைக்குத்தானே?

கவிதா, 8:56
எத்தனை பேர் வேலை பார்த்தீர்கள்?

பாபு, 8:56
18

கவிதா, 9:03
பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் கடைக்கும் உண்டு மாமா!! ஐந்து வருஷம் தாண்டிய எல்லாருக்கும். கடைசிச் சம்பளம் 19000 அடிப்படை என்றால் அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி 14 வருஷம், 1,53,461 ரூபாய் வருகிறது. அது யாரும் தருகிற தர்மம் இல்லை, உங்கள் பணம். அது கைக்கு வந்தால் வாடகைக்கு ஒரு வருஷம் யாரையும் கேட்க வேண்டாம்.

லதா, 9:04
உண்மையாகவா கவிதா

கவிதா, 9:06
மனு போட வேண்டும் அத்தை. உடனே வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். முதலாளி இழுத்தடிப்பார். ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு வருகிறேன், சம்பளச் சீட்டு, பாஸ்புக் எல்லாம் எடுத்து வையுங்கள்.

பாபு, 9:15
14 வருஷம் அந்த வாசலில் நின்றேன், இப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை.

பாபு, 9:16
கூட வேலை பார்த்த மற்றவர்களுக்கும் சொல்கிறேன்

செல்வி அக்கா, 9:20
அதுவரை என்ன செய்வது? சேகர் 5000. நான் 3000. அண்ணே?

அண்ணன் டோம்பிவிலி, 9:22
தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறேன் என்று நினைக்காதே. யோசிக்கிறேன்.

செல்வி அக்கா, 9:22
சரி

அண்ணன் டோம்பிவிலி, 9:48
பணத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன். பாபு, சனிக்கிழமை ரபாலேக்கு நானும் வருகிறேன். தானேயில் வண்டி மாறும் இடத்தில் 9:30க்கு நில். 7000 எழுதவில்லை என்றால் கையெழுத்து வேண்டாம், வேறு கம்பெனி பார்ப்போம்.

பாபு, 9:50
சரி அண்ணே

பாபு, 9:50
டெம்போ பணம்

அண்ணன் டோம்பிவிலி, 9:51
சாப்பிட்டுவிட்டுத் தூங்கு

ஊர் சித்தி, 9:58
மக்கா, கொடை வரி ஒரு 2500 வந்திருக்கிறது, பெயர் காட்டவில்லை. டோம்பிவிலியா, தாராவியா? எந்த வீட்டுக் கணக்கில் எழுத?