மூக்கு வழியா பிட்யூட்டரி கட்டி ஆபரேஷன்: தண்ணி ஒழுகுமா?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பில 2.5 செ.மீ. கட்டி, பார்வை நரம்பை அழுத்துது. ஜிப்மர்ல காட்டப்போறோம். மூக்கு வழியா எடுத்தா மூளைத் தண்ணி ஒழுகும்ங்கிறாங்களே?

பதில் 1: அதுக்கு முன்னாடி ரத்தத்துல புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்) பாத்தாச்சா? ரொம்ப எகிறியிருந்தா பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிடும், கத்தியே தேவைப்படாது. கார்டிசால்ங்கிற ஹார்மோனையும் பாக்கணும்; குறைஞ்சிருந்தா ஸ்டீராய்டு கொடுக்காம மயக்க மருந்து ஆபத்து.

பதில் 2: 4 மி.மீ. எண்டோஸ்கோப்பை மூக்குக்குள்ள விட்டு, மூக்குக்குப் பின்னாடி இருக்கிற ஸ்பீனாய்டு எலும்பறையைத் திறந்து, கட்டியைச் சுரண்டி எடுப்பாங்க. கட்டிக்கு மேல இருக்கிற மெல்லிய அரக்னாய்டு சவ்வு கிழிஞ்சாதான் ஒழுகும். தொடைக் கொழுப்பு, தசையுறை வெச்சு அடைப்பாங்க. ஓட்டை பெருசுன்னா மூக்கு நடுச்சுவர்த் தோலை ரத்தக்குழாயோட திருப்பி மூடுவாங்க. அப்புறம் மூக்கு சிந்தக்கூடாது, முக்கக்கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும். குனிஞ்சா தண்ணியாச் சொட்டுதா, உப்புக் கரிக்குதா? சளின்னு விட்டுடாதீங்க, அது மூளைத் தண்ணியான்னு காட்டுற பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் டெஸ்ட் கேளுங்க. காய்ச்சலோட கழுத்து விறைச்சா உடனே எமர்ஜென்சி.

பதில் 3: எல்லாரும் கசிவைப் பத்தியே பேசுறாங்க, ரத்தத்துல இருக்கிற உப்பான சோடியத்தை மறந்துடறாங்க. முதல் ரெண்டு நாள் சிறுநீர் மணிக்கு 300 மி.லி. தாண்டி விடாமப் போனா சோடியம் ஏறலாம், நர்ஸ்கிட்ட சொல்லுங்க. வீட்டுக்கு வந்தப்புறம், 7ஆம் நாள் வாக்குல சோடியம் இறங்கலாம்: தலைவலி, வாந்தி, குழப்பம். அந்த சோடியம் ரத்த டெஸ்ட்டை உங்க ஊர் கடலூர்லயே எடுத்துக்கலாம்.